கராஜ் கதவும் நாலாங்கட்டை அண்டாவும்

நவம்பர் 4, செவ்வாய்

பெட்ரோல் போட ஐசி அடையாள அட்டை நீட்ட ஆரம்பித்த வருடம். எனக்கு வலது கண்ணில் புரை எடுத்த வருடம். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் பாக் மானின் ரம்புத்தான் மரம் காற்றில் சாய்ந்து எங்கள் வேலியை உடைத்ததும் இதே வருடம். எண்ணாக வேண்டுமென்றால் தாளின் முன்பக்கம் அச்சடித்திருக்கிறது. நான் எழுதுவது பின்பக்கம். சீனர் கடையில் கொடுத்த காலண்டர், நாளுக்கு ஒரு தாள். கிழித்து எறிவதில் நான் எழுதினால் யாருக்கு நஷ்டம். படிப்பு தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு சரி. பிழை இருக்கும். வேறு யாரும் படிக்கப்போவதில்லை. படித்தால் அது திருட்டு.

காலையில் வெயில். பிறகு புழுக்கம்.

மகன் குணா லீவு போட்டுவிட்டு கராஜ் கதவுக்கு ஏதோ மாட்டினான். இனி அவனைக் கு. என்றும் மருமகள் சுமதியைச் சு. என்றும் எழுதுவேன். தாள் சிக்கினாலும் ஆள் தெரியக்கூடாது. (இப்போது தெரிந்துவிட்டது. அடித்தால் தாள் கிழியும். இருக்கட்டும்.)

இந்த மூலை வீடு கார் பழுது பார்க்கும் ஒரு சீனரிடம் வாங்கியது. கராஜும் மோட்டார் வைத்த உருட்டுக் கதவும் அவர் போட்டவை. ரிமோட் தொலைந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. உள்சுவரில் ஒரு பட்டன். அமுக்கினால் கதவு மேலே போகும். மறுபடி அமுக்கினால் கீழே வரும். அமுக்குவது இதுவரை என் வேலை. கு. காரை எடுக்கும்போதும் நான், விடும்போதும் நான். இனிமேல் போன்.

அவன் விளக்கியதில் எனக்குப் புரிந்தது: சுவரில் ஸ்மார்ட் பிளக். அதில் சின்ன அடாப்டர். அதிலிருந்து வயர், ரிலே என்கிற தீப்பெட்டி அளவுச் சாமானுக்கு. போனைத் தொட்டால் பிளக்குக்கு உயிர் வரும். ரிலே ‘டக்’ என்று அடிக்கும். பட்டனுக்குப் போகும் இரண்டு வயரும் ஒட்டிக்கொள்ளும். பிளக் தானாக அணைந்துவிடும். ஆள் விரல் வைத்து எடுத்த மாதிரிதான்.

போன் எங்கே இருந்தால் வேலை செய்யும் என்று கேட்டேன்.

“எங்க இருந்தாலும்ப்பா. ஜோகூர்ல இருந்தும் தொறக்கலாம்.”

ஜோகூரில் இருக்கிறவனுக்கு இந்தக் கதவு எதற்கு. அங்கேயே எனக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது.

கராஜில் இருப்பவை: கு.வின் கார், துளை போடும் மெஷின், பழைய பேட்டரி, என் சைக்கிள். பின்சுவர் ஓரமாக, தார்ப்பாய் போர்த்தி, நாலாங்கட்டை ரப்பர் தோட்டத்து அண்டா.

நவம்பர் 6, வியாழன்

மேகம். மழை இல்லை. முட்டி வலி, இடது.

கராஜைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ‘டக்.’ கதவு மேலே ஏறுகிறது. வெளியே ஒருவரும் இல்லை. துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றேன். அப்புறம் போன் அடித்தது. சு., கோலா சிலாங்கூர் பாசாரிலிருந்து. மீன்காரரிடம் கெம்போங் வாங்கிக்கொண்டே கதவைத் திறந்து பார்த்தாளாம்.

“தொறந்திச்சா மாமா? சூப்பர்லா.”

மீன்காரரும் பார்த்திருப்பார். அந்தக் கடையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

அண்டாவைப் பற்றி எழுதிவைக்கிறேன். எனக்கு மறக்காது. எழுதினால் மனது அடங்கும்.

லயத்துக் குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய பித்தளை அண்டா. ஒரு பிள்ளை உள்ளே உட்கார்ந்தால் தலை தெரியாது. வாயைச் சுற்றிக் குடும்பத்துக்கு ஒரு பெயர் வெட்டியிருக்கும். துடுப்பு இரண்டு, நல்ல காரியத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. சாவுத் துடுப்பின் பிடியில் கரி பூசியிருக்கும், மாறிப்போகாமல் இருக்க. தோட்டத்தைத் தாமான் வீடுகள் கட்ட விற்று, ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் போனபோது, அண்டாவை வைத்திருந்தவன் நான். அதனால் இன்னமும் நான். வீடு மாறிய இடமெல்லாம் அதுவும் வந்தது. பெயர் வெட்டிய ஒவ்வொருவருக்கும் சாவுச் சோறு அதில் பொங்க வேண்டும், கடைசி ஆள் வரைக்கும். எனக்கும் அதில்தான். அது தொலைந்தால் நான் எந்த முகத்தோடு போய்ப் படுப்பது.

நல்லதுக்கு என்றால் வெற்றிலை பாக்கோடு வந்து கேட்கலாம். சாவுக்குக் கேட்கக்கூடாது. கொடுக்கிறேன் என்று வைத்திருப்பவனும் சொல்லக்கூடாது. சேதி காதில் விழுந்ததும் அவன் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும். வருகிறவர்கள் வாய் திறக்காமல் எடுத்துப் போவார்கள். திரும்பக் கொடுப்பதும் கையில் இல்லை. புளி போட்டுத் தேய்த்து வாசலில் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். இது நாலாங்கட்டையில் மட்டும்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள், ஊமைச் சாவு என்று.

இப்போது பெயர் வெட்டியவர்களில் மிச்சம் நானும் பெருமாளும். அந்த அண்டாவில் சமைத்தவர் பெருமாள். புக்கிட் ரோத்தானில் மகள் வீட்டில் இருக்கிறார். போன் போட்டால் இருமல்தான் பேசும்.

கடைசியாக அண்டா போனது ஏகாம்பரம் சாவுக்கு. அன்று சுடுகாட்டு வெயிலில் நான் மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். அதிலிருந்து கு. என்னைச் சாவு வீட்டுப் பக்கமே விடுவதில்லை. டாக்டர் சொன்னாராம். எந்த டாக்டர் என்று கேட்டால் பேச்சை மாற்றுவான்.

நவம்பர் 8, சனி

காலையிலேயே இருட்டு. இடி.

அடுப்படியில் இரண்டு பேரும் குசுகுசு. நான் செவிடு என்று நினைப்பு. கண்ணில்தான் புரை இருந்தது, காதில் இல்லை.

சு.: “எப்படியும் தெரிஞ்சிடும்லா. நாமளே சொல்லிடலாம்.”

கு.: “நீ வாயத் தொறக்காத. நான் பாத்துக்கிறேன்.”

நான் போனதும் சு. காப்பி வேண்டுமா என்று கேட்டாள். கேட்கிற வழக்கமே இல்லை. பிஸ்கட்டும் தந்தாள்.

மதியம் கு. காரை எடுத்துக்கொண்டு போனான். கூட்டாளி வீட்டுக்காம். சனிக்கிழமை கூட்டாளி வீட்டுக்கு வெள்ளைச் சட்டை எதற்கு.

சாப்பிட்டுப் படுத்தேன். மழை கொட்டியது. கரண்ட் போனது, வந்தது. மறுபடி போனது, வந்தது. காற்றாடி நின்று நின்று சுற்றியதில் தூக்கம் கெட்டது. எழுந்திருக்கவில்லை, முட்டி.

கு. திரும்பி வந்தான். நேராக உள்ளே வரவில்லை. வெளிப் பைப்பில் தலையோடு குளித்துவிட்டு வந்தான். கேட்டால் கார் கழுவினேன், நனைந்துவிட்டேன் என்கிறான். மழையில் எவன் கார் கழுவுவான்.

நவம்பர் 9, ஞாயிறு

அண்டா இல்லை.

தார்ப்பாய் மட்டும் மடித்து வைத்திருக்கிறது. ஒழுங்காக, நான்காக மடித்து. கதவு மூடியிருந்தது. பூட்டு, கண்ணாடி எதுவும் உடையவில்லை. பேட்டரி இருக்கிறது, மெஷின் இருக்கிறது. அண்டா மட்டும் இல்லை.

கதவைத் திறக்கிற போன் இரண்டு. ஒன்று கு.விடம், ஒன்று சு.விடம். வேறு யாரைச் சந்தேகப்படுவது.

நேரே கேட்கவில்லை. கராஜில் என்னமோ இடம் கூடின மாதிரி இருக்கிறதே என்றேன். கு. ஆமாம்பா என்றான், போனைப் பார்த்துக்கொண்டே. சு. என் முகத்தைப் பார்க்கவில்லை. தோசையில் கூடுதலாக நெய்.

பாக் மானிடம் போய்க் கேட்டேன். சனிக்கிழமை மருமகள் வீட்டுக் கல்யாணத்துக்குச் சுங்கை பஞ்சாங் போய்விட்டாராம், ஒன்றும் பார்க்கவில்லையாம். ஆனால் வெள்ளிக்கிழமை மழை விட்ட பிறகு என் கராஜ் கதவு முழுக்கத் திறந்திருந்ததாம், ஆள் இல்லாமல். நான்தான் காற்று வாங்கத் திறந்துவிட்டேன் என்று நினைத்தாராம். வெள்ளிக்கிழமையே ஒத்திகை பார்த்திருக்கிறார்கள்.

பிறகு பழைய சாமான் கடைக்கு நடந்தேன். கடைக்காரர் சீனர், நல்ல மனிதர், தோட்டத் தமிழ் பேசுவார். பித்தளை ஒன்றும் வரவில்லையாம்.

“மாமா, அவ்ளோ பெரிய சட்டி வந்தா நான் ஒளிச்சி வைக்க முடியுமா? என் கடையே அவ்ளோதான்.”

உண்மை மாதிரிதான் இருந்தது. இருந்தாலும் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் சிரித்தார்.

சாயங்காலம் சு.வின் முகப்பவுடரைக் கொஞ்சம் எடுத்து கராஜ் வாசல் ஓரம் தூவினேன். தோட்டத்தில் ஒட்டுப்பால் திருடனைப் பிடிக்க மேற்பார்வை மண்டோர் சாம்பல் தூவுவார். கால் பட்டால் தெரியும். கு. கால் பெரியது, சு. கால் சின்னது.

நவம்பர் 10, திங்கள்

சு. பவுடர் டப்பாவைத் தேடுகிறாள்.

மழை இல்லை. பவுடரில் கார் டயர் மட்டும். மறுபடி தூவினேன்.

நவம்பர் 11, செவ்வாய்

இன்று கண்ணால் பார்த்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மதியம். கு. பேக்டரியில், சு. வேலையில். கார் இல்லாத கராஜில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கதவு மூடியிருந்தது. மழை. பெரிய இடி ஒன்று, கரண்ட் போனது. இருட்டில் இருந்தேன். கொஞ்சம் கழித்து வந்தது. ரிலே ‘டக்’. கதவு ஏறியது. வாசலில் ஒருவரும் இல்லை. பவுடரில் ஒரு சுவடும் இல்லை. மழைச்சாரல் உள்ளே வந்து என் காலை நனைத்தது.

கு.வுக்குப் போன் போட்டேன். நீ அமுக்கினாயா என்றேன்.

“என்னத்தப்பா? நான் மீட்டிங்ல இருக்கேன். சாப்டீங்களா?”

பேசி முடிப்பதற்குள் மறுபடி கரண்ட் போய் வந்தது. ‘டக்’. கதவு இறங்கியது. பேய் என்று நான் நினைக்கவில்லை. பேய்க்குக் கரண்ட் வேண்டியதில்லை.

மாலையில் கு. வந்ததும் சொன்னேன். அவன் தலையில் கை வைத்தான். கரண்ட் போய் வந்தாலும் அணைந்தபடியே இருக்கும்படி பிளக்குக்குச் சொல்லி வைத்திருக்க வேண்டுமாம். வாங்கியபோது இருந்தபடியே விட்டுவிட்டானாம். அதனால் கரண்ட் வரும்போதெல்லாம் அது எழுந்து ஒரு தடவை அமுக்கிவிடுகிறது. ஒரு தடவை வந்தால் திறக்கும், இன்னொரு தடவை வந்தால் மூடும். வெள்ளிக்கிழமை பாக் மான் பார்த்ததும் இதுதான். சனிக்கிழமை இரண்டு தடவை.

அப்படியானால் நடுவில் கதவு திறந்து கிடந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்திருக்கலாம்.

“அண்டா காணோம்,” என்று அப்போதுதான் சொன்னேன்.

கு. ஓடிப்போய்ப் பார்த்தான். அவன் முகம் நிஜமாகவே மாறியது. எடுத்தவன் முகம் அப்படி மாறாது. அவன் மேல் வைத்த சந்தேகத்தில் பாதியை எடுத்துவிட்டேன். பாதி இருக்கிறது. அடுப்படியில் பேசியது என்ன?

நவம்பர் 12, புதன்

வெயில்.

சைக்கிளை நகர்த்திவிட்டுப் பின்சுவரைப் பார்த்தேன். துடுப்பு இரண்டும் அங்கேதான் ஆணியில் தொங்கும். ஒன்று இருக்கிறது. கரி பூசாதது. கரி பூசியது இல்லை.

உட்கார்ந்துவிட்டேன்.

திருடன் பேட்டரியை விட்டுவிட்டு மரத் துடுப்பை எடுக்கமாட்டான். எடுத்தாலும் இரண்டில் எது என்று பார்த்து எடுக்கமாட்டான். தார்ப்பாயை நான்காக மடிக்கமாட்டான்.

அண்டா சாவுக்குப் போயிருக்கிறது. யார் சாவு என்று யோசிக்கவே வேண்டாம். மிச்சம் இருந்தது இரண்டு பேர். ஒருவன் இங்கே உட்கார்ந்து எழுதுகிறான்.

வெள்ளைச் சட்டை. வெளிப் பைப்பில் தலைக்குக் குளியல். சாவு வீட்டுக்குப் போய் வந்தவன் குளிக்காமல் உள்ளே வரக்கூடாது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

கு. வரும்வரை காத்திருந்தேன். சு. முதலில் வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

கு. வந்தான். “எப்ப?” என்று மட்டும் கேட்டேன்.

“சனிக்கெழம விடியக்காலைலப்பா. பெருமாள் மாமா தூக்கத்துலயே போயிட்டாரு. நீங்க போன தடவ விழுந்தீங்கல்ல... எட்டாம் துக்கம் முடிஞ்சி சொல்லலாம்னு இருந்தேன்.”

அவனை அடிக்கவில்லை. அடிக்கிற வயதை அவனும் தாண்டிவிட்டான், நானும் தாண்டிவிட்டேன். சோறு வேண்டாம் என்றேன். பிறகு பசித்தது, சாப்பிட்டேன்.

பெருமாள் கருவாட்டுக் குழம்பில் மாங்காய் போடுவார். ஏன் போடுகிறீர்கள் என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி ஒரு தடவை கேட்டதற்கு, உங்களுக்குப் பிடிக்காது என்பதால்தான் என்றார். அப்படியே முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

ஒன்று இன்னும் தெரியவில்லை. அண்டாவை எடுத்தது யார்? கு. சுடுகாட்டோடு திரும்பிவிட்டான், சமையல் பக்கம் போகவில்லையாம். பெருமாள் மகளுக்குத் துடுப்பில் கரி எதற்கு என்று தெரியாது. அவள் டவுனில் வளர்ந்தவள். அண்டா வாயைச் சுற்றியிருக்கும் பெயர்களை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். விரல் வைத்துத் தடவியே பழக்கம். மாரியப்பன் இல்லை. இரண்டு ராமசாமியும் இல்லை. கண்ணம்மா இல்லை. ஏகாம்பரம் இல்லை. அஞ்சலை, சின்ன வயதிலேயே புருஷன் போனதால் சொந்தப் பெயரை வெட்டியவள், எனக்கு அடுத்த நிரையில் பால் வெட்டினவள், மகளோடு ஜோகூர் போனாள். அங்கேயே செத்துவிட்டதாக ஏகாம்பரம் சொன்னார்.

ஏகாம்பரம் சொல்வதில் பாதி பொய்.

நவம்பர் 15, சனி

பெருமாளுக்கு எட்டாம் துக்கம். காலையில் சட்டை போட்டுக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். கு. குடையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துவந்தான். சு. என் பக்கத்தில்.

புக்கிட் ரோத்தான். வீட்டுக்குப் பக்கத்தில் கூடாரம். பின்னால் புகை. படத்தைக் கும்பிட்டுவிட்டு நேராகப் பின்பக்கம் போனேன்.

அண்டா அடுப்பில் இருந்தது. கரித் துடுப்பால் ஒரு கிழவி சோற்றைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பு வளைந்துவிட்டது. கை வளையவில்லை. அதே வீச்சு.

அஞ்சலை.

என்னைப் பார்த்தாள். துடுப்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அடிப்பிடிக்கும்.

“செத்துட்டேன்னு ஒனக்கும் சொன்னானா அந்த ஏகாம்பரம்? எங்க பக்கத்துல நீ செத்துட்டன்னு சொல்லி வச்சிருந்தான்.”

போன வருடமே பேத்தியோடு கோலா சிலாங்கூருக்குத் திரும்பிவிட்டாளாம். அடுக்குமாடி வீடு. இருந்ததெல்லாம் பாசாருக்குப் பின்னால். சு. மீன் வாங்குகிற இடத்துக்குப் பின்னால். என் வீடு எது என்று பெருமாள்தான் சொன்னாராம், போன மாதம்.

சனிக்கிழமை பெருமாளின் மருமகன் வேனில் வந்திருக்கிறாள். எனக்குச் சேதி தெரிந்திருக்கும், முறை மறக்காமல் இருந்தால் கதவு திறந்திருக்கும், மூடியிருந்தால் திரும்பிவிடலாம் என்று மருமகனிடம் சொல்லித்தான் வந்தாளாம். மழையில் தெருமுனை திரும்பியபோது கதவு திறந்து கிடந்ததாம்.

“ஒரு ஆளக் காணோம். அந்தக் காலம் மாதிரியே தொறந்து வச்சிட்டு நீ உள்ள போயிட்ட. எனக்கு மழையிலயே அழுக வந்துடுச்சிண்ணே. இன்னும் ஒருத்தன் இருக்கான்டா, மொறைய மறக்காதவன்னு அந்தப் பையங்கிட்ட சொன்னேன்.”

கு. என் பின்னால் நின்றான். பிளக், கரண்ட் என்று சொல்ல வாயைத் திறந்தான். திரும்பிப் பார்த்தேன். மூடிக்கொண்டான்.

நானும் சொல்லவில்லை. என்ன சொல்வது. ஆமாம் என்றும் சொல்லவில்லை. துடுப்பைக் கொஞ்ச நேரம் வாங்கிப் புரட்டினேன். என் வீச்சு போதவில்லை. அவள் பிடுங்கிக்கொண்டாள்.

சோறு குழையவில்லை. பெருமாள் இருந்திருந்தால் உப்பு குறைவு என்பார்.

மயக்கம் வரவில்லை. கு. குடையை மடக்கவேயில்லை, கூடாரத்துக்குள்ளும்.

வீட்டுக்கு வந்து மூன்று பேரும் வெளிப் பைப்பில் குளித்தோம். பாக் மான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்.

நவம்பர் 16, ஞாயிறு

இரவெல்லாம் மழை. விடியும்போது நின்றது.

கராஜ் வாசலில் அண்டா. வெளியே, கவிழ்த்து. புளி மணம். துடுப்பு மேலே குறுக்காக. தெருவில் யாரும் இல்லை. வேன் சத்தம் கேட்டேன், எழுந்து போகவில்லை. போய்ப் பார்க்கக்கூடாது.

சு.வும் நானும் உருட்டி உள்ளே வைத்தோம். அவள் வாய் ஓரப் பெயர்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகக் கேட்டாள். சொன்னேன். பவுடர் டப்பாவையும் கொடுத்துவிட்டேன். அவளுக்கு முன்பே தெரியுமாம்.

கு. போனோடு வந்தான். பிளக்கைச் சரி பண்ணிவிட்டானாம். இனி கரண்ட் போய் வந்தாலும் கதவு தானாகத் திறக்காது.

நல்லது என்றேன். அப்புறம்தான் ஒன்று உறைத்தது. இனி அது தானாகத் திறக்காது. எனக்கு ஆகும்போது கதவைத் திறந்துவிட்டு உள்ளே போக நான் இருக்கமாட்டேன். கு. திறப்பான். ஆனால் அவனுக்கு நிற்கத் தெரியாது. வாங்க, எடுத்துக்கங்க, பிடிக்கட்டுமா என்று பேசிவிடுவான். எல்லாம் கெட்டுப்போகும்.

இந்தக் கதவை இன்னொரு போனிலும் வைக்க முடியுமா என்று கேட்டேன்.

“வைக்கலாம்பா. யாருக்கு, உங்களுக்கா?”

எனக்கு எதற்கு, எனக்குப் பட்டன் போதும் என்றேன். கோலா சிலாங்கூரில் பாசாருக்குப் பின்னால் ஒரு பேத்தி இருக்கிறாள், அவள் போனில் வைத்துக் கொடு, பாட்டிக்கு எப்போது அமுக்க வேண்டும் என்று தெரியும் என்றேன். பாட்டிக்கு முந்தி ஆகிவிட்டால் என்று அவன் கேட்கவில்லை. அவன் முகம் கேட்டது. அப்போது நான் இருப்பேன், பட்டன் இருக்கும்.

கு. போனைத் தடவினான். பிறகு ஒரு இடத்தில் நிறுத்தி, இங்கே பெயர் போடச் சொல்கிறது, யார் பெயர் போடுவது, பேத்தி பெயரா என்றான்.

பேத்தி பெயர் எனக்குத் தெரியாது. அஞ்சலை என்று போடு என்றேன்.